கொக்குக்காவல் முத்துப்பேச்சி

முத்துப்பேச்சிக்கு வாய் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில், மேற்கு மலையைப் பார்த்தாற்போல் இருக்கிற புளியங்கரையில் அவளோடு சண்டை போட்டு ஜெயித்தவர் என்று ஒருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம். நாட்டாமை வேலுச்சாமியே அவள் எதிரே வந்தால் துண்டைச் சரிசெய்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஆனால் கார்த்திகை பிறந்து கண்மாய் நிறைந்துவிட்டால் அந்த வாய் தானாக அடங்கிவிடும். கொக்குகள் வந்துவிடும். அப்புறம் நாலு மாதத்துக்கு அவள் பேசுவதெல்லாம் காதோடு காதாகத்தான்.

கண்மாய்க்குள் தண்ணீரில் பாதி முங்கி நிற்கும் கருவேல மரங்கள் இருபதோ இருபத்திரண்டோ. அவ்வளவு மரத்திலும் கூடு. வெள்ளைக் கொக்கு, நாரை, வக்கா எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு குடும்பம் நடத்தும். ஊரார் அதைப் பறவை வந்திருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். "பிள்ளைக பேறுகாலத்துக்கு வந்துருச்சுக" என்பார்கள். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணை யாராவது அதட்டுவார்களா? கரைமேல் கொட்டு அடிக்கக் கூடாது, கருவேலங்கிளை ஒடிக்கக் கூடாது, குஞ்சு பறக்கும்வரை கண்மாயில் மீன் பிடிக்கக் கூடாது. பக்தி மட்டும் என்று நினைத்து உருகிவிட வேண்டாம். கொக்கு எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் கருகருவென்று வரும். அதுவும் ஊருக்குத் தெரியும்.

இந்தப் பிள்ளைகளுக்குக் காவல்தான் முத்துப்பேச்சி. காவல் என்றால் வேலும் கம்பும் இல்லை. நுனி பிளந்த ஒரு நீள மூங்கில். கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் அந்தப் பிளவில் பதனமாக உட்காரவைத்து மேலே ஏற்றிவிடுவாள். பருந்து வந்தால் விரட்டுவாள். ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் அவள் வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது. அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு இவ்வளவு நெல் என்று களத்திலேயே அளந்துவிடுவார்கள். அது அவளுக்குப் போதும்.

அவள் பிறந்தது கடமலைக்குண்டுப் பக்கம். வாக்கப்பட்டு வந்த மூன்றாம் வருஷம் தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சம் அவள் பிறந்த வீட்டையே துடைத்துக்கொண்டு போயிற்று. அப்பன், ஆத்தா, தம்பிகள் இரண்டு பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. பின்னாலேயே வந்த காலரா புருஷனைக் கொண்டுபோனது. பிள்ளையும் இல்லை. பொங்கல் வந்தால் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பிறந்த வீட்டிலிருந்து சேலையும் கரும்பும் பானையும் வரும். அன்றைக்கு முத்துப்பேச்சி விடிந்ததும் கண்மாய்க்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். யாரும் அவளை ஏன் என்று கேட்பதில்லை.

மலைமேல் பெரியாற்றுக்கு அணை கட்டுகிற வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, அடிவாரக் கேம்பிலிருந்து இரண்டு வில்வண்டிகள் கண்மாய்க் கரைக்கு வந்து நின்றன. மூன்று துரைகள், ஒரு துரைசாணி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நம் நாட்டு ஆள் ஒருவன். முத்துப்பேச்சி மூங்கிலைக் குறுக்கே நீட்டி வழியை மறித்தாள்.

"யாரு நீ? இங்கன என்ன சோலி?"

"கோவிச்சுக்காதீக அக்கா. எம்பேரு அருளப்பன். துரைமாருக பறவை பாக்க வந்துருக்காக. பாத்து எழுதிக்கிருவாக, படம் பிடிப்பாக, போயிருவாக. சுட மாட்டாக."

"பாக்குறதுக்கு இம்புட்டுத் தூரமா? ஏன், அவுக ஊருல கொக்கு இல்லையாக்கும்?"

அவன் அதை இங்கிலீஷில் சொல்ல, துரைசாணி சிரித்துவிட்டாள். முத்துப்பேச்சி சிரிக்கவில்லை.

"வண்டியில நீட்டமா ஒண்ணு கெடக்கே, அது என்ன, புல்லாங்குழலா?"

அருளப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பெரிய துரையிடம் என்னவோ சொன்னான். கெஞ்சினான் என்றே சொல்ல வேண்டும். துரை அவளையும் மரங்களையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைத் தன் கையாலேயே எடுத்து வண்டிக்காரனிடம் கொடுத்து, ரோட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கே அருளப்பன்மேல் அவளுக்கு ஒரு பிரியம் விழுந்துவிட்டது. துரையையே துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்தவன் அல்லவா!

அதற்குப் பிறகு நடந்த கூத்தை ஊரே கரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. மூன்று கால் நட்டு மேலே ஒரு பெட்டி. பெட்டிக்குப் பின்னால் துரை கறுப்புத் துணியில் முக்காடு போட்டுக்கொண்டு குனிந்து நின்றார். மற்றவர்கள் குழாய்க் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு கூடுகளை எண்ணினார்கள், எழுதினார்கள், மரத்தடியில் ரொட்டி தின்றார்கள். அருளப்பன் படம் விழுகிற கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டியைப் பச்சைப்பிள்ளையைப்போல மடியில் வைத்திருந்தான். "இன்னைக்குப் பூசையை விட்டுட்டேன் அக்கா. சாமியாரு காதைத் திருகப்போறாரு" என்றான். துரைசாணி குழாய்க் கண்ணாடியை முத்துப்பேச்சியிடம் நீட்டினாள். அவள் பார்த்தாள். பதினைந்து வருஷமாகக் கீழேயிருந்தே பார்த்த கொக்கு, அவள் மூக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. பேறுகாலத்தில் மட்டும் அதன் முதுகிலிருந்து நூல் நூலாகத் தொங்குமே இறகு, அதில் ஒவ்வொரு நூலும் தனித்தனியாகக் காற்றில் ஆடியது. "அடி ஆத்தே!" என்றாள்.

ஆனால் படம் மட்டும் சரியாக விழவில்லை. துணி துவைக்க ஒருத்தி வருவாள், மாடு தண்ணிக்கு இறங்கும், சட்டென்று அத்தனை பறவையும் எழும்பும். தகடு வீணாகும். அதற்கு வழி சொன்னவள் முத்துப்பேச்சிதான். துரை வருகிற ஞாயிறுகளில் உச்சிப்பொழுதுவரை ஊரார் ஒருவரும் கண்மாய்ப் பக்கம் தலை காட்டக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சட்டம் போட்டாள். கரையில் மூன்றுகால் பெட்டி நின்றால் அது படம் பிடிக்கிற நாள். பஞ்சம்மாள் மட்டும், அடுத்த வீட்டுக்காரி, முணுமுணுத்தாள்: "கொக்குக்குத்தான் காவலுன்னு நெனச்சேன், இப்ப ஊருக்கே காவலா?" முணுமுணுத்தாலும் கேட்டுக்கொண்டாள். முத்துப்பேச்சி சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

அந்தத் தைப்பொங்கலன்று காலையில் அவள் கண்மாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி நின்றது. அருளப்பன் இறங்கினான். ஒரு கட்டுக் கரும்பு, மண்பானை, மடித்த சுங்கடிச் சேலை.

"என்னடா இது?"

"பொறந்த வீட்டுச் சீரு அக்கா. தம்பி கொண்டாந்துருக்கேன். வாங்க மாட்டீகளா?"

வாய் நீளமான முத்துப்பேச்சி நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெருவே பார்த்தது. பார்க்கட்டுமே என்றிருந்தது அவளுக்கு. அன்று முதல் அவன் அவளை நீங்கள் என்று சொல்வதை விட்டு, நீ என்று பேசத் தொடங்கினான்.

மாசியில் துரைசாணி ஒரு படத்தைக் கொடுத்தாள். மரமும் கொக்கும் தத்ரூபமாக இருந்தன. முதுகு இறகு நூல்கூடத் தெரிந்தது. ஓரத்தில் புகைமாதிரி ஒரு கறை. "அது நீதான் அக்கா. கொக்கெல்லாம் ஆடாம நின்னுச்சு, நீதான் ஆடிட்ட" என்று அருளப்பன் சிரித்தான். அவள் அதைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே படம் ஒன்று அவனிடமும் இருந்தது.

மறு வருஷமும் கொக்குகள் வந்தன, வண்டிகள் வந்தன. பொங்கலுக்குச் சேலையும் வந்தது. தை முடிவதற்குள் அருளப்பன் ஒரு செய்தியோடு ஓடிவந்தான். அவன் பெண்டாட்டி லூர்து மேரிக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வருகிற ஞாயிறு ஞானஸ்நானம்.

"நீதான் அத்தை. பிள்ளையை நீதான் மடியில வச்சிருக்கணும்."

"நான் தாலியறுத்தவடா."

"எங்க கோயில்ல அதெல்லாம் பாக்க மாட்டாக. வீட்டுல கூப்புடுறதுக்கு முத்துன்னுதான் பேரு வைக்கப்போறோம்."

அவள் ஒரு நிமிஷம் மலையைப் பார்த்தபடி நின்றாள். பிறகுதான் ஞாபகம் வந்தது. "அன்னைக்குத் துரைமாருக வருவாகளே?"

"வருவாக. அவுகளுக்குத்தான் எடம் தெரியுமே. எனக்கு லீவு குடுத்துட்டாக. ஆளுகளை முன்னாடியே அனுப்பி மூணுகால் பெட்டிய நட்டுக்கிருவாக. நீ ஊருல மட்டும் சொல்லிட்டு வந்துரு."

சொல்லாமல் இருப்பாளா? சனிக்கிழமை வீடு வீடாகப் போனாள். "நாளைக்குப் படம் பிடிக்கிற நாளு. நான் எந் தம்பி வீட்டு விசேசத்துக்குப் போறேன். ஒருத்தரும் கண்மாய்ப் பக்கம் போயிராதீக." தம்பி வீட்டு விசேஷம் என்பதைக் கண்மாயைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். பஞ்சம்மாள் வீட்டில் இரண்டு தடவை சொன்னாள். பிறகு பானைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே ஒரு ஜோடி வெள்ளித் தண்டை. குழந்தையில் அவள் காலில் கிடந்தது. பிறந்த வீட்டிலிருந்து அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அவன் கொண்டுவந்த பொங்கல் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். கம்பத்தில் மாதா கோயில் தெருவில் அருளப்பன் வீட்டு வாசலில் பந்தல். முன்வரிசையில் அவளுக்குப் பாய் போட்டார்கள். பதினாறு வருஷமாக எந்த நல்ல காரியத்திலும் சுவர் ஓரமாகவே நின்றவள், நடுவீட்டில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினாள். தண்டையைப் போட்டுவிட்டாள். குழந்தை காலை உதறி உதறி அதைக் கிலுக்கியது. அருளப்பன் பந்திக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாவம், விசேஷ வீட்டு அலைச்சல் என்று நினைத்தாள். உச்சிப்பொழுது தாண்டியதும் எழுந்தாள். அவன் பதறிப்போய்த் தடுத்தான்.

"அதுக்குள்ள போகவா வந்த? இரு அக்கா. அந்திக்கு வண்டி கட்டி விடுறேன்."

போகாதே என்று சொல்வதற்கு அவளுக்கும் ஒரு வீடு! திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி புளியங்கரை வந்தபோது பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கொக்குகள் மேய்ந்துவிட்டு வரிசை வரிசையாகத் திரும்புகிற நேரம். வானத்தில் ஒன்றுகூட இல்லை. கண்மாய்ப் பக்கமிருந்து குஞ்சுகளின் சத்தம் மட்டும் வந்தது. அது பசிச் சத்தம். அவளுக்குத் தெரியாதா? வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினாள்.

கரையில் ஊர் நின்றிருந்தது. மரத்தடியில், தண்ணீர் ஓரத்தில், சேற்றில், எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கொக்குகள். எல்லாவற்றுக்கும் முதுகுத்தோல் மட்டும் உரிந்திருந்தது. மற்றபடி ஒன்றையும் எடுக்கவில்லை, கறிக்குக்கூட எடுக்கவில்லை. குஞ்சை விட்டுப் போகாத தாய்ப்பறவையைப் பிடிக்கத் துப்பாக்கி எதற்கு? வலையும் கண்ணி கட்டிய கம்பும் போதும். கரைமேல் இலைதழையால் கட்டிய மறைப்பு ஒன்று, பறவை கண்ணில் படாமல் படம் பிடிக்கத் துரைகள் கட்டுகிறார்களே அதே மாதிரி, அப்படியே நின்றது.

வேலுச்சாமிதான் வாயைத் திறந்தார். "ஆறு பேரு வந்தானுக. முன்னால மூணுகால் பெட்டி. துரை பின்னால வர்றாகன்னானுக. பெட்டிய நட்டதப் பாத்ததும் நாங்க அவுகவுக வீட்டுக்குப் போயிட்டோம்."

"சத்தம் கேக்கலையா? இம்புட்டு உசுரு போயிருக்கு, ஒங்க காதுல என்ன ஈயத்தையா காச்சி ஊத்தியிருந்துச்சு?"

பஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "கத்துச்சுகடி. விடிஞ்சதுலருந்து கத்துச்சுக. நீதான போகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போன."

அதற்கப்புறம் முத்துப்பேச்சி யாரையும் திட்டவில்லை. புதுச்சேலையோடு தண்ணீரில் இறங்கினாள். மறுநாளிலிருந்து ஊரே அயிரை மீன் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்த்தது. தினமும் காலையில் மரத்தடியில் நாலைந்து கிடக்கும். கொல்லப்படாத நாரையும் வக்காவும்கூட ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. மாசி பாதியில் மரங்கள் காலியாகிவிட்டன.

ஊர் கூடியது, கரையடிக் கருப்பன் கோயில் முன்னால். கேம்புக்கு ஆள் அனுப்பி விசாரித்தாயிற்று. அந்த ஞாயிறு துரை மலைமேல் இருந்திருக்கிறார், கீழே இறங்கவே இல்லை. சேதியைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். அப்படியானால் துரை வருகிறார் என்று சொன்னது யார்? எல்லோர் கண்ணும் முத்துப்பேச்சி மேல் வந்து நின்றது.

"அந்த அருளப்பன் பய செஞ்ச வேலைதான் இது" என்றார் வேலுச்சாமி.

அவள் புலிமாதிரி எழுந்தாள். "நாக்கை அடக்கிப் பேசுங்க. எவனோ துரை பேரைச் சொல்லி அவனையும்ல ஏமாத்திருக்கான்! அவன் கொண்டாந்த பொறந்த வீட்டுச் சீரை நீங்கள்லாம் கண்ணால பாக்கல? சூடத்தை ஏத்துங்க."

ஏற்றினார்கள். எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தாள். "எந் தம்பிக்கு இது தெரியாது. நான் சொல்றது பொய்யின்னா, இந்தக் கண்ணு இனிமே கொக்கைப் பாக்காமப் போகட்டும்." கருப்பன் முன்னால் செய்த சத்தியத்துக்கு மேல் ஊரில் பேச்சு கிடையாது. கலைந்து போனார்கள். உள்ளங்கை கொப்புளித்தது. அதை அவள் பெருமையாகத்தான் நினைத்தாள்.

பங்குனியில் ஒருநாள் லூர்து மேரி வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு துணி மூட்டை. உள்ளே வந்தவள் உட்காரவில்லை. சாமி மாடத்துக்குப் பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மதினி, இந்தப் படத்தைத்தான் அவரு கம்பம் சந்தையில ஒரு வியாபாரிகிட்டக் காட்டியிருக்காரு."

"என்னத்துக்கு?"

"முதுகு எறகுக்கு. சீமையில பொம்பளைக தொப்பியில வைக்கிறாகளாம். குஞ்சு இருக்கும்போதுதான் அந்த எறகு நல்லா இருக்குமாம். எந்த மாசம், எந்த மரம், ஊராளுக எப்ப வர மாட்டாக, எல்லாம் இவருதான் சொல்லியிருக்காரு. அந்த ஆளு ஒரு படப்பெட்டி குடுத்தான், மதினி. மூணு காலோட. நேத்துத்தான் வீட்டுக்கு வந்துச்சு. அன்னைக்கு இங்கன வந்து நின்னது அதே பெட்டிதான்." மூட்டையை அவிழ்த்தாள். வெள்ளை நூல்களாக ஒரு கட்டு இறகு, குழந்தையின் பழந்துணியில் சுற்றியிருந்தது. "பெட்டிக்குள்ள கெடந்துச்சு. எனக்குச் சத்தியமாத் தெரியாது மதினி. இருதய ஆண்டவர் மேல ஆணை."

முத்துப்பேச்சி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் வச்ச நாளு, சாமியாரு சொன்ன நாளா? அவன் கேட்ட நாளா?"

லூர்து மேரி தலையைக் குனிந்துகொண்டாள். "சாமியாரு முந்துன மாசமே வைக்கச் சொன்னாக. இவருதான் தை கடைசி ஞாயிறுதான் வேணும்னு ஒத்தக்காலுல நின்னாரு."

குழந்தை காலை உதறியது. தண்டை கிலுங்கியது. லூர்து மேரி அதைக் கழற்றப் போனாள். முத்துப்பேச்சி அவள் கையைத் தட்டிவிட்டாள். "அது பிள்ளைக்குப் போட்டது. அது என்ன பாவம் பண்ணுச்சு?" அவர்கள் போன பிறகு படத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள். இறகுக் கட்டைக் கண்மாயில் கொண்டுபோய்ச் சேற்றுக்குள் புதைத்தாள். பிறகு நடந்தாள், மாதா கோயில் தெருவுக்கு.

அருளப்பன் வாசலில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். மறுக்கவில்லை, அது ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"துரை ஊருக்குப் போறப்ப எனக்கு ஒரு பெட்டி குடுப்பாருன்னு இருந்தேன் அக்கா. குடுக்க மாட்டாருன்னு தெரிஞ்சு போச்சு. காலம்பூரா தகடு தூக்கியே சாகணுமா? கொஞ்சம் புடிப்போம்னுதான் சொன்னானுக. இம்புட்டு அழிப்பானுகன்னு நான் நெனைக்கல."

"என்னை எதுக்குடா கூப்பிட்ட?"

"நீ அங்கன இருந்தா குறுக்க விழுவ. ஒன்னை அடிச்சே போட்டுருப்பானுக. அதுக்குத்தான்."

"அப்ப அத்தைன்னு கூப்பிடல. நல்லதுடா." அவள் குரல் உயரவே இல்லை. "சீலையையாவது எதுக்குக் கொண்டாந்தன்னு சொல்லு. மொதப் பொங்கலுக்கு வந்தியே, அந்தச் சீலை."

"அது நெசம் அக்கா. மாதா சத்தியமா அது நெசம். அப்ப இந்த நெனப்பே கெடையாது."

பொய் என்று அவன் சொல்லியிருந்தால் அவளுக்கு வீடு திரும்புவது சுலபமாக இருந்திருக்கும். நிஜம் என்றானே, பாவி! அந்தப் பிரியமும் நிஜம், இந்தக் கொலையும் நிஜம் என்றால் ஒரு மனுஷி எதை நம்பி எதைத் தூக்கி எறிவது? திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தை அத்தனையும் அவளுக்கு மறந்துபோயிற்று. திரும்பி நடந்தாள். "அக்கா" என்று தெருமுனைவரை கூப்பிட்டான்.

அன்றைக்கே நாட்டாமையிடம் போய், "எஞ் சத்தியம் பொய்யாப் போச்சு" என்று சொல்லிவிட்டாள். ஊர் அவளைத் தள்ளிவைக்கவில்லை. காவலை நீயே பார் என்றார்கள். அவள்தான் மூங்கிலைக் கருப்பன் கோயிலில் சாய்த்துவைத்துவிட்டு வந்துவிட்டாள். அடுத்த கார்த்திகைக்குக் கண்மாய் நிறைந்தது. கொக்கு வரவில்லை. அதற்கடுத்த கார்த்திகைக்கும் வரவில்லை. அணை முடிந்து மலையிலிருந்து தண்ணீர் வந்தது, வயலெல்லாம் இருபோகம் ஆனது. மரங்கள் மட்டும் வெறுமனே நின்றன. பொங்கலுக்கு ஒரு சேலை வரும். வண்டிக்காரனோடு திருப்பி அனுப்பிவிடுவாள். பஞ்சம்மாளுக்கே பயம் வருகிற அளவுக்கு முத்துப்பேச்சி பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. அவள் விறகுக்கு மேற்கே மலையடிவாரம்வரை போவது வழக்கம். ஒரு மார்கழியில், யாரும் போகாத ஓடை ஒன்றுக்குள் இறங்கினபோது தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. குட்டையளவு தண்ணீர், அதன்மேல் சாய்ந்த மருதமரம், மரத்தில் நாலு கூடு. வெள்ளைக் கொக்கு. முதுகில் நூல் நூலாக இறகு. விறகுக்கட்டை நழுவவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கருப்பன் சத்தியத்திலிருந்து தன்னை அவிழ்த்துவிட்டான் என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஊரிடம் சொல்லவில்லை, பஞ்சம்மாளிடமும் சொல்லவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் விறகுக்குப் போனாள். கொண்டுவரும் விறகு ஒரு கை அளவுதான் இருக்கும். வீட்டில் அவள் தானாகப் பேசிச் சிரிப்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது என்று பஞ்சம்மாள் சொன்னாள்.

தைமாதம் அருளப்பன் வந்தான். கம்பத்தில் கல்யாண மாப்பிள்ளை பெண்ணையெல்லாம் நிற்கவைத்துப் படம் பிடிக்கிறான் என்று கேள்வி. தலை நரைத்து, கன்னம் ஒட்டியிருந்தது. வாசலுக்கு உள்ளே வராமல் மண்ணில் உட்கார்ந்தான். அழுதான். வேஷம் என்று சொல்ல முடியாத அழுகை.

"எனக்குத் தூக்கம் இல்ல அக்கா. அந்தக் குஞ்சுக சத்தம் காதை விட்டுப் போகல. எங்கயாச்சும் திரும்பி வந்துச்சுகளா? ஒரே ஒரு தரம் கண்ணுல பாத்தாப் போதும், மனசு ஆறிரும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். உண்மையாக இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு உண்மைதான். வா தம்பி, காட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் அன்று அவன் வாழ்க்கையே மாறியிருக்குமோ என்னவோ. ஆனால் வாசலுக்கு வெளியே நின்ற வண்டியில் படப்பெட்டியின் மூன்று கால்கள் கட்டியிருந்தன.

"கொக்கா? இங்கன ஏது கொக்கு?" என்றாள்.

அவன் எழுந்து, மேற்கே மலையை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டி ஏறினான். சும்மாதான் பார்த்தானா, வேறு எதையாவது தேடினானா? அது அவளுக்குத் தெரியவில்லை. இனி ஒருபோதும் தெரியப்போவதும் இல்லை. ஆனால் தன் காலடித்தடம் அந்த ஓடைக்கு வழி காட்டும் என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் அவள் விறகுக்குக் கிழக்கே கிளம்பினாள். பஞ்சம்மாள் வாசலில் நின்று கேட்டாள். "அங்கன எங்கடி விறகு இருக்கு? வெறும் முள்ளுதான கெடக்கு?"

"ஏன், முள்ளு எரியாதா?" என்றாள் முத்துப்பேச்சி. அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்தாள். அதன் பிறகு உயிரோடு இருந்தமட்டும் கிழக்கேதான் போனாள்.